எடைக்குப் போடுமுன்

பழைய பொருட்களை எடைக்கு வாங்கி விற்கும் இடத்தை நம் ஊர்களில் காயலான் கடை என்போம். கேரளத்தில் அதற்கு ஆக்ரிக்கடை என்று பெயர். இத்தொழிலில் தமிழ்க் குடும்பங்கள் அநேகம் ஈடுபட்டிருக்கிறதை எர்ணாகுளத்தில் வசிக்கும் வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. வைட்டிலா சந்திப்பைச் சுற்றிலும் பழைய வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. வீட்டைக் காலிசெய்கிறவர்கள் பரணில் கிடப்பதையெல்லாம் அள்ளி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அலுமினியப் பாத்திரம், பித்தளைக் குழாய், உடைந்த மின்விசிறி ஆகியவற்றின் நடுவே, துணியால் சுற்றப்பட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் சில வேளைகளில் வந்து சேரும். பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை, உள்ளிருக்கும் பச்சைத் தகட்டுக்கு ஒரு விலை என்று அதைப் பிரித்துப்போட அரை மணி நேரம் போதும். பிரித்துப்போட்ட பிற்பாடு அது என்னவாய் இருந்தது என்று ஒருவராலும் சொல்லமுடியாது.

இம்மாதம் அந்த அரை மணி நேரத்தைக் குறித்தே எழுதுகிறோம். ஆக்ரித் தொழில் செய்யாத வாசகர்களுக்கும் இது பிரயோஜனமாயிருக்கும். ஏனெனில் உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருக்கக்கூடும்.

2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மில்பிட்டாஸ் என்னும் ஊரிலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. கணவரை இழந்த ஒரு பெண்மணி வண்டிக்கொட்டகையைச் சுத்தம்செய்து, பழைய மின்னணுப் பொருட்கள் நிறைந்த பெட்டிகளை மறுசுழற்சி நிறுவனம் ஒன்றில் கொடுத்துவிட்டுப் போனார். ரசீது வேண்டாம் என்றார், பெயரும் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்துப் பெட்டியைத் திறந்தவர்கள் அதில் ஆப்பிள் 1 என்னும் கம்ப்யூட்டரைக் கண்டார்கள். 1976இல் ஸ்டீவ் ஜாப்ஸும் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் சேர்ந்து சுமார் 200 மட்டும் செய்து விற்ற ஆரம்பகாலக் கருவி அது. அன்றைய விலை 666 டாலர் 66 சென்ட். நிறுவனத்தார் அதை இரண்டு லட்சம் டாலருக்கு விற்று, பாதித்தொகையாகிய ஒரு லட்சம் டாலரை அந்தப் பெண்மணிக்கென்று ஒதுக்கிவைத்து, அவரைத் தேடுவதாக அறிவித்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது பணத்தொகை மாத்திரமல்ல. ஆப்பிள் 1க்கு மூடியும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வெறும் தகடாகவே விற்கப்பட்டது. அறியாதவன் கையில் கிடைத்திருந்தால் அது செம்புக்கும் ஈயத்துக்கும் போயிருக்கும். அப்படிப்பட்டது வைட்டிலாவில் அகப்படும் என்று எண்ணி ஒருவரும் கைத்தொழிலை விட்டுவிட வேண்டாம்! ஆகிலும் நம் நாட்டுக்கே உரிய சில கருவிகள் உண்டு. அவை வெளிநாடுகளிலும் அரிதானவை. முதலாவது அவற்றை அறிந்துகொள்ளுவோம். விசைப்பலகையைப்போலத் தோன்றுவதெல்லாம் விசைப்பலகை அல்ல. 1980களில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இயந்திரம் முழுவதும் விசைப்பலகைக்குள்ளேயே அடங்கியிருந்தது. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து உபயோகித்தார்கள். ‘வெறும் கீபோர்டுதானே’ என்று சாக்கில் போடப்பட்டவை எத்தனையோ! பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரேயொரு கம்பி மட்டும் வெளியே வந்தால் அது விசைப்பலகை. டிவி, கேசட், மின்சாரம், பிரிண்டர் என்று பல துவாரங்கள் இருந்தால் அது கம்ப்யூட்டர்.

1984-85இல் இந்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனத்தாருடைய பிபிசி மைக்ரோ கருவிகளை வழங்கிற்று. பிற்பாடு பஞ்சாபிலுள்ள மொஹாலியில் அரசு நிறுவனமாகிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், அதே கருவியை யூனிகார்ன் என்னும் பெயரில் இந்தியாவில் தயாரித்தது. 1989இல் அந்தத் தொழிற்சாலை தீக்கிரையானது. ஆகையால் யூனிகார்ன் என்று பெயர் பொறித்த கருவியைக் கண்டால் சுத்தியலைக் கீழே வைத்துவிடுங்கள். புனே நகரத்து டெசிபெல்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் சின்கிளேர் ஸ்பெக்ட்ரத்தை டிபி ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் விற்றது, இதுவும் அப்படியே.

கொச்சிக்கு மற்றொரு விசேஷம் உண்டு. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த பொருட்கள் இங்கே வீடுதோறும் இருக்கின்றன. குவைத்தைச் சேர்ந்த அல் ஆலமியா நிறுவனம் 1980களில் ‘சக்ர்’ என்னும் பெயரில் கம்ப்யூட்டர்களை விற்றது. ஆங்கில எழுத்துக்களோடு அரபு எழுத்துக்களும் விசைகளில் அச்சிடப்பட்டிருக்கும். எம்எஸ்எக்ஸ் என்னும் பொது அமைப்பில் அவை செய்யப்பட்டபடியால், உலகெங்கும் சேகரிப்போர் அவற்றை விரும்புகிறார்கள். அரபு விசைகளைக் கண்டு ‘யாருக்கு உதவும்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அலுவலகங்களில் இருந்தவை வேறு வகை: பெரிய இரும்புப் பெட்டி, பச்சை அல்லது ஆரஞ்சு நிற எழுத்துக்கள் ஒளிரும் மானிட்டர், ஐந்தேகால் அங்குல பிளாப்பி. 1976இல் எச்சிஎல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையான சிவ நாடார் திருச்செந்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். அந்நிறுவனத்தின் பிஸிபீ, சென்னை ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்று நாடெங்கும் பேசப்பட்ட சிவா பிசி, மற்றும் விப்ரோ, ஜெனித் போன்ற பெயர்கள் பெட்டியின் முகப்பில் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்துவையுங்கள்.

ஆனால் முகப்புப் பெயரை மாத்திரம் நம்பலாகாது. பழைய பெட்டிக்குள் பிற்காலத்துத் தகட்டைப் பொருத்தி ஓட்டுவது 1990களில் சர்வ சாதாரணமாய் நடந்தது. மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். சில்லுகளின்மேல் இரண்டு வரி எழுத்து இருக்கும். அவற்றில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 8734 என்றிருந்தால் 1987ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் அந்தச் சில்லு செய்யப்பட்டது என்று பொருள். (74 என்று தொடங்குகிற எண் பெரும்பாலும் சில்லின் வகையைக் குறிப்பது, அதை வருஷம் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.) பல சில்லுகளை வாசித்து, எல்லாவற்றிலும் பிந்திய தேதி எதுவோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள், இயந்திரம் அதற்கு முன் பூர்த்தியாகியிருக்க முடியாது. பிற்பாடு பழுதுபார்த்தபோது மாற்றிய சில்லு ஒன்றிரண்டு இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

நாற்பது கால்களுள்ள நீண்ட சில்லில் 8088 என்றிருந்தால் அது எக்ஸ்டி வகை. சதுரச் சில்லில் 80286 என்றிருந்தால் அது ஏடி வகை. அதன்பின் வருகிற 12 என்னும் எண் வேகத்தைக் குறிக்கும். நினைவகத்தையும் கண்ணால் எண்ணிவிடலாம். வரிசைக்கு ஒன்பதாய் நான்கு வரிசை சிறு சில்லுகள், அவற்றில் இரண்டு வரிசை 41256, இரண்டு வரிசை 4164 என்றிருந்தால் மொத்தம் 640 கிலோபைட். ஒன்பதாவது சில்லு கணக்குச் சரிபார்ப்புக்கானது. அதைச் சேர்த்து எண்ணி நினைவகத்தைக் கூட்டிச் சொல்லலாகாது. எழுத்து பொடியாயிருந்தால் வீட்டுப் பிள்ளைகளை உதவிக்கு அழையுங்கள்; செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் எளிதில் வாசிக்கலாம். பின்பக்கத்துத் தகட்டிலுள்ள மாதிரி எண், வரிசை எண், மின்னழுத்த அளவு ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். பெட்டியோடு பழைய பில்லோ உத்தரவாத அட்டையோ கையேடோ வந்திருந்தால் அதைக் காகிதக் கட்டில் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு தாள் சில வேளைகளில் மானிட்டரைவிட விலைபெறும்.

இனி மின்சாரம். இந்த இடத்தில் அநேகர் அவசரப்படுகிறார்கள். முப்பது வருஷம் உறங்கிய இயந்திரத்தை நேரே சுவரில் சொருகுவது அதை அழிப்பதற்குச் சுலபமான வழி. வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பெட்டியானால் பின்பக்கத்தில் சிவப்பு நிறத் தள்ளுவிசை ஒன்று இருக்கும். அது 115 என்று காட்டிக்கொண்டிருக்க, நம் 230 வோல்ட்டில் சொருகினால் ஒரு வெடிச்சத்தத்தோடு காரியம் முடிந்துவிடும். முதலில் அந்த விசையைப் பாருங்கள். விசை இல்லாமல் 110 அல்லது 120 வோல்ட் என்று மாத்திரம் எழுதியிருந்தால் மின்சாரத்தை இறக்கிக்கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

அடுத்து, தகட்டின் ஓரத்தில் பீப்பாய் வடிவில் சிறிய பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏடி வகையிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் அது அதிகம் உண்டு. அதிலிருந்து கசியும் காரம் தகட்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சையும் வெண்மையுமாய்ப் பூத்திருக்கும். அதை வெட்டியெடுத்துவிட்டு, வினிகரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்து, பின்பு சுத்தமான ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாய் உலரவிடுங்கள். விற்கிற வரைக்கும் பேட்டரியை விட்டுவைப்போம் என்பது சரியல்ல. ஒவ்வொரு மழைக்காலமும் அந்த அரிப்பை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. கொச்சியின் ஈரக்காற்றில் சில்லுகளின் கால்களும் கறுத்துப்போகும். சாக்கெட்டில் நிற்கும் சில்லுகளை விரலால் மெல்ல அழுத்தினாலே செத்துக்கிடந்த கருவிகள் சில உயிர்பெறும்.

மின்சாரப் பெட்டியைத் திறக்காதீர்கள். சுவரிலிருந்து பிடுங்கிய பிற்பாடும் அதினுள்ளே முந்நூறு வோல்ட்டுக்குமேல் தங்கியிருக்கக்கூடும். படக்குழாய் மானிட்டரில் அதைவிடப் பல மடங்கு. அவை டிவி மெக்கானிக்கின் வேலை. பிபிசி மைக்ரோ போன்றவற்றின் மின்சாரப் பெட்டியில் மஞ்சள் நிறக் கண்ணாடிபோன்ற மூடியுள்ள காகிதக் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை வருஷக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி, சொருகின சில நிமிடங்களில் நாற்றமுள்ள புகையைக் கக்கும். கருவியை ஓட்டிப்பார்க்குமுன்னே மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றை மாற்றிவிடுவது நன்மையானது. செலவும் அற்பமே.

எலெக்ட்ரீஷியன்களிடம் சீரிஸ் பல்பு ஒன்று இருக்கும்; பழைய குண்டு பல்பு, 100 வாட் போதும். அதன் வழியாய் மின்சாரம் கொடுத்தால், உள்ளே ஷார்ட் இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும், கருவி தப்பும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் தைரியமாய் அடுத்த அடி வைக்கலாம். கமடோர் 64 போன்று மின்சாரப் பெட்டி தனியே இருப்பவற்றில் முதலில் அதை மாத்திரம் மல்டிமீட்டரால் அளந்துபாருங்கள். 5 வோல்ட் என்றிருக்கவேண்டியது ஐந்தரைக்கு ஏறியிருந்தால் அதைக் கருவியோடு இணைக்கவே வேண்டாம். உள்ளிருக்கும் சில்லுகள் கருகிவிடும். எக்ஸ்டி, ஏடி வகைகளில் தகட்டுக்குப் போகும் இரட்டை இணைப்பைக் கழற்றியிருந்தால், திரும்பப் பொருத்தும்போது இரண்டிலுமுள்ள கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றாய்ச் சேரவேண்டும். மாறிப்போனால் தகடு போயிற்று. இந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூரமாய் நிறுத்துங்கள்.

மானிட்டரிலும் கவனம் வேண்டும். ஒன்பது முள் சொருகி எல்லாம் ஒன்றல்ல. ஒற்றை நிறத்துக்கானதையும் வண்ணத்துக்கானதையும் மாற்றிச் சொருகினால் மானிட்டர் கெட்டுப்போகலாம். கீச்சென்று புதிய ஓசை கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாயிருந்தால் கருவி பேசத் தொடங்கும். பிபிசி மைக்ரோ தாழ்ந்தும் உயர்ந்தும் இரண்டு சத்தமிட்டு, திரையில் தன் பெயரையும் 32கே என்ற அளவையும் காட்டும். முதல் சத்தம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் உள்ளே பழுது உண்டு. ஸ்பெக்ட்ரம் திரையின் அடியில் 1982 என்ற ஆண்டோடு சின்கிளேர் பெயரைக் காட்டும். ‘பி’ விசையை அழுத்தினால் ஓர் எழுத்து அல்ல, ‘பிரிண்ட்’ என்ற முழுச்சொல்லே வந்து விழும். அது பழுதல்ல, அதன் சுபாவம். அலுவலகக் கருவிகள் நினைவகத்தை எண்ணி, ஒரே ஒரு சிறு சத்தமிட்டால் நலம். திரையில் எண் தோன்றினால் அதை எழுதிக்கொள்ளுங்கள்: ஐபிஎம் முறையில் 161 என்றால் பேட்டரி, 301 விசைப்பலகை, 601 பிளாப்பி, 1701 ஹார்டு டிஸ்க். 301 கண்டு மனமடிய வேண்டாம். சில விசைப்பலகைகளின் அடியில் எக்ஸ்டிக்கும் ஏடிக்கும் மாற்றும் சிறு விசை உண்டு. அதைத் தள்ளினாலே சரியாகிவிடுவது வழக்கம்.

டாஸ் வந்து நின்றால் ‘செக்டிஸ்க்’ கட்டளையை (சி, எச், கே, டி, எஸ், கே என்று ஆறு எழுத்து) அடித்துப் பாருங்கள். டிஸ்கின் கொள்ளளவும் நினைவகமும் ஒன்றாய் வரும். நினைவகம் 655360 என்று காட்டினால் நீங்கள் எண்ணின 640 கிலோபைட் சரியென்று உறுதிப்பட்டது. அந்தத் திரையை அப்படியே படமெடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் கேட்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிளாப்பியைச் சொருகுமுன் அதன் உள்வட்டத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சணம். மழைக்காலத்தில் இங்கே எதுதான் பூக்காது! அதைச் சொருகினால் படிக்கும் முனையும் கெட்டு, அடுத்த நல்ல பிளாப்பியும் கெடும்.

ஹார்டு டிஸ்க் ஓடினால் அதில் இன்னொருவருடைய வாழ்க்கை இருக்கும். கணக்குகள், கடிதங்கள், ஒரு மருத்துவரின் நோயாளிப் பட்டியல், இறந்துபோன ஒருவருடைய குறிப்புகள். கோப்புகளை நீக்குவதால் அவை மறைவதில்லை. பெயர் மாத்திரமே நீங்கும். பொருளைக் கொடுத்த வீட்டாரைக் கண்டு, இவை வேண்டுமா, அழித்துவிடலாமா என்று கேட்டு, அவர்கள் சொல்படி முற்றிலும் மேலெழுதி அழித்த பிற்பாடே விற்கவேண்டும். இக்காரியத்துக்காக அவர்களிடம் போகும்போது மற்றொன்றையும் சொல்லிவிடலாமே. எடைக்குக் கொடுத்தவர் அதின் மதிப்பை அறியாமலே கொடுத்தார். வாங்கினவர் சுமந்தார், துடைத்தார், சோதித்தார். அந்த உழைப்புக்குக் கூலி உண்டு, அதில் வெட்கமில்லை. ஆகிலும் எடைவிலைக்குப் பலமடங்கு மேலாய் ஒன்று கிடைக்கும்போது, மில்பிட்டாஸ் நிறுவனத்தார் செய்ததுபோலப் பாதி என்பது நியாயமான கணக்காய் நமக்குத் தோன்றுகிறது. நாளை அதே தெருவில் பத்து வீடுகள் அவரை அழைக்கும் என்பது தொழில் அறிந்தவர்களுக்குப் புரியும்.

விலையை எப்படி நிர்ணயிப்பது? ஒருவர் கேட்கிற விலை விலையல்ல. முன்பு விற்றுத் தீர்ந்த விலையே விலை. ஆகவே இணையத்தில் விற்பனை முடிந்தவற்றை மாத்திரம் தேடிப்பாருங்கள். 1990களின் பிற்பகுதியில் உள்ளூரில் அசெம்பிள் செய்யப்பட்ட பென்டியம் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் சேகரிப்போர் இல்லை என்பதை வெளிப்படையாய்ச் சொல்லிவிடுகிறோம். மெரைன் டிரைவ் பென்டா மேனகாவிலோ சென்னை ரிச்சி தெருவிலோ உதிரி பாகத்துக்கு யாராவது கேட்டால் கொடுங்கள். ஒருவரும் கேட்காதவற்றைச் சட்டப்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ, கேரளத்தில் கிளீன் கேரளா கம்பெனி வழியாகவோ ஒப்படைக்கலாம். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள் இதை வலியுறுத்துகின்றன. கம்பியை எரித்துச் செம்பு எடுப்பதும், வீட்டுப் பின்புறத்தில் அமிலம் ஊற்றித் தங்கம் தேடுவதும் குழந்தைகள் சுவாசிக்கிற காற்றையும் குடிக்கிற கிணற்றையும் கெடுக்கிறவை. படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. அதை உடைக்கவே கூடாது.

விற்கும்போது எழுதுகிற வார்த்தைகளில் ஜாக்கிரதை தேவை. ‘வேலை செய்கிறது’ என்று எழுதினால், திரை வந்தது, விசைகள் எல்லாம் அடித்தன, பிளாப்பியில் எழுதி வாசிக்கவும் முடிந்தது என்று பொருள். விளக்கு மாத்திரம் எரிந்ததானால் ‘மின்சாரம் ஏறுகிறது, வேறெதுவும் சோதிக்கவில்லை’ என்று எழுதுங்கள். சொருகிப்பார்க்கவே இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதலாம். பழுதுபார்க்கத் தெரிந்த சேகரிப்போர் அநேகர், சோதிக்காத பொருளையே விரும்பி வாங்குகிறார்கள். ஓடிப்பார்த்தது தெரியாமல் ஓட்டிக் கருக்கியதைவிட அது அவர்களுக்கு மேல். மஞ்சளித்த பிளாஸ்டிக்கைத் தின்னரால் துடைக்காதீர்கள், முகப்பிலுள்ள பெயர் அழிந்துபோகும். ஈரத்துணியால் தூசியை எடுத்தால் போதும்.

தூர ஊருக்கு அனுப்புவதானால் பிளாப்பி டிரைவின் வாயில் கெட்டி அட்டையைச் சொருகுங்கள். ஹார்டு டிஸ்க் பழையதானால் அணைக்குமுன் ‘பார்க்’ என்னும் நிரல் உள்ளதா என்று பார்த்து ஓட்டுங்கள். முனை பத்திரமான இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும். மானிட்டரின் கண்ணாடிப்பக்கம் கீழ்நோக்கி, நான்கு பக்கமும் நான்கு விரற்கடை தெர்மகோல் வைத்து, தனிப்பெட்டியில் கட்டவேண்டும். வரிசை எண் தெரியும்படி எடுத்த படம் ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.